சைக்கிளுக்கு லேசான பார்ட்ஸ் மாத்துனா போட்ட காசுக்குப் பிரயோஜனம் உண்டா?

டயரத் தவிர வேற எதுக்கும் இல்லண்ணே, பட்டுத்தான் சொல்லுதேன்.

நான் பாளையங்கோட்டை, 11 கிலோ அலுமினிய ரோடு பைக், ஞாயித்துக்கெழம விடியக்காலம் தென்காசி ரோட்டுல ஓட்டுதவன். ரெண்டு வருசம் முந்தி கிறுக்கு புடிச்சு கார்பன் சீட் போஸ்ட் (சீட்டத் தாங்குத கொழா), கார்பன் பாட்டில் கேஜ், டைட்டானியம் போல்ட்டுன்னு வாங்கி மாட்டுனேன், பத்தாயிரத்துக்கு மேல போச்சு, அடுக்களத் தராசுல வச்சுப் பாத்தா மொத்தமே கால் கிலோ கூட கொறயல. முக்கா லிட்டர் பாட்டில் ரெண்டு மாட்டுனா தண்ணியே ஒன்றர கிலோ, நம்ம ஊரு வெயிலுக்கு அத விட்டுட்டும் போவ முடியாது.

கணக்குப் பாருங்க, நான் 75 கிலோ, வண்டி 11, ஆக 86. அரைக்கிலோவே கொறச்சாலும் 0.6 சதவீதம், ஒரு மணி நேரம் விடாம ஏறுத மலைன்னா ஏதோ 20 செகண்டு மிச்சம். புளியரை எஸ் வளைவு ஏறுததுக்கு அவ்வளவு நேரமே ஆவாது. சமதளத்துல எடையா தடுக்கு, காத்துல்லா தடுக்கு! ஆடி மாசம் செங்கோட்டை கணவாய் வழியா வார காத்து ஆலங்குளத்துல மூஞ்சில அறையும், அங்கன காத்தாடிய சும்மாவா நட்டு வச்சிருக்காவ. கூட வந்த பய 14 கிலோ பழைய இரும்பு வண்டி, ஹேண்டில்பார் கீழ் வளைவப் புடிச்சு குனிஞ்சான் பாருங்க, பாவூர்சத்திரம் வரைக்கும் அவன் முதுகத்தான் பாத்துட்டுப் போனேன்.

வீல் எடை கொறஞ்சா ரெட்டிப்பு பலன்னு சொல்லுவாவ, அது ரிம் ஓரத்து எடைக்கு, அதுவும் வேகம் எடுக்கும்போது மட்டுந்தான், ஒரே சீரா மிதிக்கும்போது கிராமுக்கு கிராம் ஒண்ணுதான்.

டயர் மாத்துங்க. கம்பி வச்ச மலிவு டயர எடுத்துட்டு நல்ல ஃபோல்டிங் டயர், அதான் மடிக்க வாரது, போட்டா ஒண்ணுக்கு நூறு கிராம் கொறயும், அதவிட ரப்பரும் துணியும் எளக்கமா இருக்கதால உருளுததே வேற மாதிரி இருக்கும். ஆனா ரொம்ப மெல்லிசா வாங்கிராதீங்க, நம்ம பக்கம் ஒடமுள்ளு. நானும் நாப்பது கிராம் டிபியூ (TPU) டியூப், ரப்பருக்குப் பதிலா பிளாஸ்டிக் மாதிரி இருக்குமே, அதப் போட்டேன், மொத வாரமே முள்ளு, பஞ்சர் கட அண்ணாச்சி சொலூசன் தடவி ஒட்டுனா ஒட்டவே இல்ல, அதுக்குன்னு தனி பேட்ச் வேணுமாம். உருட்டிட்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கார்பன் சீட் போஸ்ட்டா? 5 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருந்தத பாக்காம அலன் கீய வச்சு நானே முறுக்கி கீறல் விட்டுட்டேன், பழைய அலுமினியம்தான் இப்பவும் வண்டில கெடக்கு.