மஞ்சள் குடோனில், நகை அடகில் – அமெரிக்கப் பயணம் சரிவருமா?

கேள்வி: எனக்கு 61 வயதுங்க. கொடுமுடி பக்கம் மஞ்சள் விவசாயம். மகன் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறான். பேரனுக்குப் பள்ளி லீவு என்று ஜூலையில் எங்கள் இருவரையும் கூப்பிடுகிறான். அவன் காரிலேயே கிராண்ட் கேன்யன், ஸயான், டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ என்று பாலைவனத் தேசியப் பூங்காக்களைப் பத்து நாள் சுற்றுவதாகத் திட்டம். ஆறு லட்சம் ஆகும் போலிருக்குதுங்க. கையில் இரண்டு லட்சம்தான். மீதி நாலு லட்சத்துக்கு வீட்டு நகையை விவசாயக் கடனில் வைக்கலாமா? இரண்டு வருட மஞ்சள் குடோனில் கிடக்கிறது, விலை வரட்டும் என்று வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரையும் உண்டு.

பதில்: கட்டாயம் போய் வாருங்கள் ஐயா. ஆனால் ஜூலையில் வேண்டாம், நகையை வைத்தும் வேண்டாம். அக்டோபருக்குத் தள்ளினால் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும்.

முதலில் வெயில். 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் டெத் வேலி. இன்றும் உலக சாதனையாக அதைத்தான் சொல்கிறார்கள். ஜூலையில் அங்கே 47 டிகிரி என்பது சாதாரணம். பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. சர்க்கரை உள்ளவர் அந்த வெயிலில், கார் நின்றுபோனால் என்ன செய்வது? அக்டோபரில் கிராண்ட் கேன்யனும் ஸயானும் இதமாக இருக்கும். டெத் வேலியைக் கடைசியில் வைத்து, காலையிலேயே பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பீனிக்ஸ் பக்கம் பல பள்ளிகளில் அக்டோபரிலும் சில நாள் விடுமுறை உண்டு. பேரனுடைய பள்ளித் தேதியை முதலில் கேளுங்கள். கோடை விடுமுறை முடிந்துவிடுவதால் விமானக் கட்டணமும் இறங்கியிருக்கும். நம் ஊரிலும் மஞ்சள் வெட்டு தையில்தானே?

இனி கடன். குறைந்த வட்டி விவசாய நகைக்கடன் பயிருக்கு என்று கொடுப்பது. அதில் டிக்கெட் எடுப்பது முறையல்ல. சாதாரண நகைக்கடனுக்குப் போனால், 12 சதவீதம் என்றே வைத்தாலும், நாலு லட்சத்துக்கு வருடம் 48,000 ரூபாய் வட்டி. ஒரு பக்கம் மஞ்சளுக்கு குடோன் வாடகை, இன்னொரு பக்கம் நகைக்கு வட்டி என்று இரண்டையும் கட்டிக்கொண்டு விலைக்காகக் காத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருப்பு முழுவதையும் விற்கச் சொல்லவில்லை. பயணத்துக்கு வேண்டிய அளவை மட்டும், இப்போதிலிருந்து அக்டோபர் வரை மூன்று தடவையாகப் பிரித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய சரக்கை முதலில் விடுங்கள். வண்டு விழுந்தால் காத்திருந்த விலையும் கைக்கு வராது.

செலவில் ஒரு புது விஷயம். 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறிப்பிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல். உங்கள் பட்டியலில் கிராண்ட் கேன்யனும் ஸயானும் அதில் வருகின்றன. இருவருக்கும் அதுவே 400 டாலர் ஆகிவிடும். அதற்குப் பதில் 250 டாலருக்கு வருடப் பாஸ் ஒன்று எடுத்தால், அதே காரில் வருகிறவர்களுக்கும் செல்லும்.

விசா கட்டணம் ஆளுக்கு 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. அதனால் விசா கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். அங்கே கார்டு தேய்க்கும்போது ரூபாயிலா, டாலரிலா என்று மெஷின் கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையில் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். பாலிசி வாங்கும் முன்பே, ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரச் சிகிச்சைக்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் அதற்கு இடமில்லை. அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பயணச் செலவு மொத்தத்தையும் தாண்டிவிடலாம்.