தேயிலைத் தோட்டம் திடீரென மூடினால்: கேள்வி பதில்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு வட்டத்தில் நெடுங்காலம் தொழிற்சங்கப் பணியாற்றியவன் என்ற முறையில், எல்லைப் பகுதி அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வண்டிப்பெரியாறு, கொழுந்து பறிப்பவர்): தோட்டத்தை மூடிவிட்டால் அரசு முதலில் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: நிவாரண அரிசி தேவைதான், அம்மா. ஆனால் அதே வாரத்தில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் தொழிலாளர் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்து பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்ட பின், ஓர் அம்மையார் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசையின்) அடுப்படியில் பிஸ்கட் டப்பாவுக்குள் சேர்த்து வைத்திருந்த சம்பளச் சீட்டுகளை என் மேசையில் கொட்டினார். அலுவலகத்துச் செக்ரோலைக் கரையான் அரித்துவிட்டிருந்ததால், புகையேறிப் பழுத்துப்போன அந்தச் சீட்டுகளைக் கொண்டுதான் அவருடைய 22 ஆண்டு உழைப்பை நிறுவ முடிந்தது.

கேள்வி (குமுளி): கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு வரும்? முதலாளி தராவிட்டால்?

பதில்: ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் கூலி உண்டு, நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். தராத முதலாளியிடமிருந்து, நிலவரிப் பாக்கியை வசூலிப்பதுபோலவே கலெக்டர் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வங்கிக் கடன், வழக்கு, ஜப்தி என்று அந்த வசூல் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதையும், உரியவர்கள் பணத்தைக் காணாமலே கண்மூடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அரசே கருவூலத்திலிருந்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று இன்றும் வற்புறுத்துகிறேன்.

கேள்வி (கம்பம், ஆலைத் தொழிலாளி): இஎஸ்ஐயில் (அரசின் தொழிலாளர் காப்பீட்டில்) வேலையிழப்புக்கு உதவி உண்டா?

பதில்: உண்டு, தம்பி. 2018இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் அதற்கானதுதான். அதிகபட்சம் 90 நாளுக்குத் தரப்படும் அந்த உதவித்தொகை, 2020இல் சராசரி நாள் கூலியில் பாதியாக உயர்த்தப்பட்டது. தோட்டத்து மருத்துவமனையையே நம்பியிருந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இஎஸ்ஐக்கு வெளியே நின்றுவிட்டதால், இது அவர்களுக்குக் கிட்டவில்லை. அவர்களையும் சேர்த்தாக வேண்டும்.

கேள்வி (ஏலப்பாறை): மூடிய தோட்டத்தில் நாங்களே கொழுந்து பறித்து விற்கலாமா?

பதில்: பீருமேட்டில் சங்கங்கள் தேயிலைக் காட்டைப் பங்கிட்டுக் கொடுத்து, பல குடும்பங்கள் அப்படித்தான் பிழைத்தன. பறிக்காமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். பிறகு தோட்டத்தைத் திறந்தாலும் உடனே வேலை கிடைக்காது. எனவே இந்த இடைக்கால ஏற்பாட்டுக்கு அரசு எழுத்துமூலமாக அனுமதி தர வேண்டும். அந்தக் காகிதம் கையில் இல்லையென்றால், ஜீப்பில் வந்து கொழுந்து எடுக்கும் ஏஜெண்ட் சொல்வதே விலையாகிவிடும்.