பேப்பர் புரிகிறது, பேச்சு ஏன் புரியவில்லை?

கேள்வி: ஏற்காட்டில் நானும் கணவரும் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நான் சேலத்தில் தமிழ் மீடியத்தில் படித்து, பி.காம். முடித்தவள். ஆங்கிலப் பேப்பர் படித்தால் பெரும்பாலும் புரிகிறது. ஆனால் வெளிநாட்டு விருந்தினர் பேசும்போது, ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்ததாக இருந்தும் அர்த்தம் பிடிபடுவதில்லை. ஒருவர் போனில் ‘கேன் யூ புட் அஸ் அப் டுநைட்?’ என்று கேட்டார். எதை மேலே வைக்கச் சொல்கிறார் என்று விழித்தேன். ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஹாட் வாட்டர்’ என்றால் எனக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. இப்படி ஒரு வினையோடு ‘அப்’, ‘அவுட்’ போன்ற சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். அப்படி ஆயிரத்தைப் பட்டியல் போட்ட புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்யலாமா? கார் ஓட்டும் என் கணவருக்கும் ஏதாவது சொல்லுங்கள். விருந்தினரை இறக்கிவிடும்போது ‘கெட் டவுன் ஹியர்’ என்கிறார். சிலர் புரியாமல் பார்க்கிறார்கள்.
— வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். ‘புட்’ கீழே ஒரு பக்கம், ‘டேக்’ கீழே ஒரு பக்கம் என்று அடுக்கியிருப்பார்கள். நாலு நாள் படித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். உங்கள் சிக்கலே வேறு. பேப்பர் புரிகிறது, பேச்சு புரியவில்லை என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் படிப்பிலும் பிரெஞ்சும் லத்தீனும்தான் கோலோச்சின. ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘எக்ஸ்டிங்விஷ்’, ‘இன்வெஸ்டிகேட்’ போன்ற சொற்களெல்லாம் அந்த இரண்டு மொழிகளின் சொத்து. வீட்டிலும் வயலிலும் பேசிக்கொண்டிருந்த சனங்கள் தங்கள் பழைய குட்டி வினைகளை விடவில்லை. பின்னால் ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்தே எல்லா வேலையையும் முடித்துக்கொண்டார்கள். தள்ளிப்போட ‘புட் ஆஃப்’, பொறுத்துக்கொள்ள ‘புட் அப் வித்’, தீயை அணைக்க ‘புட் அவுட்’, விசாரிக்க ‘லுக் இன்டு’. நம் பள்ளிக்கூடங்கள் முதல் வகையைத்தான் சொல்லிக்கொடுத்தன. பேப்பரிலும் அதுதான் அதிகம். உங்கள் விருந்தினர் காலை டிபன் மேசையில் பேசுவது இரண்டாவது வகை. உங்கள் ஆங்கிலம் மட்டமானது இல்லை, சகோதரி. அதில் ஒரு பாதியை உங்களுக்கு யாரும் கொடுக்கவே இல்லை. தமிழ் மீடியப் பிள்ளைகள் இதைத் தங்கள் குறையாக எண்ணி வாய் திறக்காமலே இருந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வெளிநாட்டவரை மிக அதிகமாகத் திணறடிப்பது இந்த ஒட்டுச்சொல் விவகாரம்தான் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதிதும் இல்லை. ‘சாப்பிட்டான்’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ‘விடு’ எதையும் கைவிடவில்லை. காரியம் முடிந்தது என்கிறது. நாம் இன்னொரு வினையைச் சேர்த்துச் சொல்வதை ஆங்கிலேயர் ‘அப்’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ சேர்த்துச் சொல்கிறார்கள். ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் தீர்ப்பது. மேலே கீழே என்ற பேச்சே இல்லை. ‘கேரி ஆன்’, ‘டாக் ஆன்’ என்றால் நிறுத்தாமல் செய்துகொண்டே போவது. ‘செட் ஆஃப்’ கிளம்புவது, ‘சீ ஆஃப்’ வழியனுப்புவது, இரண்டிலும் ஒரு விலகல் இருக்கிறது. ‘அவுட்’ பல இடங்களில் இல்லாமல் போவதைக் குறிக்கும். விளக்கு அணைந்தால் ‘வென்ட் அவுட்’. வெந்நீர் தீர்ந்துபோனதைத்தான் அந்த விருந்தினர் ‘ரன் அவுட் ஆஃப்’ என்றார்.

ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது. உங்கள் ரிசப்ஷனில் நீட்டும் படிவத்தை ‘ஃபில் இன்’ செய்யுங்கள் என்றாலும் ‘ஃபில் அவுட்’ செய்யுங்கள் என்றாலும் ஒன்றுதான். முன்னது பிரிட்டனில் அதிகம், பின்னது அமெரிக்காவில். ‘புட் அஸ் அப்’ என்றால் ராத்தங்க இடம் கொடுப்பது. அதை எந்தக் கணக்கிலும் ஊகிக்க முடியாது. மலைப்பாதையிலிருந்து ஒருவர் ‘வீ ஆர் ஹெல்ட் அப், வீ வில் டர்ன் அப் பை நைன்’ என்று சொன்னால், சேலம் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவையும் நினைத்து ‘டர்ன்’ என்றதும் திருப்பம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். வழியில் மாட்டிக்கொண்டோம், ஒன்பதுக்குள் வந்துவிடுவோம் என்கிறார், அவ்வளவுதான்.

அதனால் ஒரு நோட்டு வையுங்கள். தனி வினையை எழுதாதீர்கள். விருந்தினர் சொன்ன வாக்கியத்தை முழுசாக, தமிழ் எழுத்தில்கூடப் பரவாயில்லை, எழுதி, எப்போது எதற்காகச் சொன்னார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியம் எதற்கென்றால், நடுவில் வரும் சின்னச் சொற்களின் இடம் முக்கியம். ‘பிக் அப் தி கெஸ்ட்ஸ்’ என்றும் சொல்லலாம், ‘பிக் தி கெஸ்ட்ஸ் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘தெம்’ என்று வந்துவிட்டால் ‘பிக் தெம் அப்’ மட்டும்தான். ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. எப்போதும் ‘லுக் ஆஃப்டர் தெம்’. காது கொடுத்துக் கேட்டால் இதற்கு ஒரு குறிப்பும் கிடைக்கும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்னும்போது குரல் ‘ஆஃப்’ மேல் ஏறும். ‘லுக் அட் இட்’ என்னும்போது ‘லுக்’ மேல் ஏறும், ‘அட்’ வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். குரல் ஏறுகிற சின்னச் சொல்லை அலட்சியமாக விட்டுவிட்டால் வாக்கியமே கைநழுவிவிடும்.

பேசும்போது ‘போஸ்ட்போன்’ என்றே சொல்லுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. முதலில் புரியட்டும், நாக்கில் தானாக வரும். திருத்திக்கொள்ள வேண்டியது தமிழிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் சிலவற்றை. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்பது ‘டிஸ்கஸ் அபவுட்’ ஆகிவிடுகிறது, ‘அபவுட்’ வேண்டாம். ‘என் மேல் கோபம்’ என்பது ‘ஆங்ரி ஆன் மீ’ ஆகிறது. ‘ஆங்ரி வித் மீ’ என்பதே சரி. சமாளிப்பதை ‘கோப் அப் வித்’ என்று இங்கே எல்லோரும் சொல்கிறோம், அதில் ‘அப்’ கிடையாது. அப்புறம், காலேஜ் படிப்பை முடித்ததை நாம் ‘பாஸ் அவுட்’ என்கிறோம். பிரிட்டனில் பயிற்சி முடிக்கும் ராணுவத்தார் போன்றோருக்குத்தான் அந்தப் பொருள். மற்றபடி மயங்கி விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் கணவருக்கு. ‘இறங்குங்க’ என்பதன் நேர் நகல்தான் அந்த ‘கெட் டவுன்’. வெளிநாட்டவர் காதில் அது குனியச் சொல்வதாகவும் விழும். பஸ், ரயிலுக்கு ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. ஆனால் விருந்தினரிடம் வெறும் ‘கெட் அவுட்’ என்றால் விரட்டுவது போலாகிவிடும். கிளியூர் அருவிக்கு நடக்கும் இடம் வந்ததும் ‘ஐ வில் டிராப் யூ ஆஃப் ஹியர்’ என்று சொல்லட்டும். திரும்ப வந்து அழைத்துப்போகும் நேரத்தையும் அப்போதே ‘ஐ வில் பிக் யூ அப் அட் ஃபோர்’ என்று சொல்லிவிடலாம். இரண்டிலும் ‘யூ’ நடுவில் வருகிறது.