ஆஸ்கார் டேங்க்ல கூட என்ன மீன் விடலாம், உள்ள என்ன வைக்கலாம்?

ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, நாலடி டேங்க்ல (4 x 1.5 x 1.5 அடி) ஆறு இன்ச் ஆஸ்கார் மீன் ரெண்டு இருக்காம், கூட கோல்ட்ஃபிஷ்ஷும் டேங்க் கிளீனர் மீனும் விடலாமா, அலங்காரத்துக்கு தோட்டத்துல புடுங்கிப் போட்ட தேயிலை வேர் வைக்கலாமான்னு.

கோல்ட்ஃபிஷ் வேணவே வேணாம் தம்பி. அது குளிர் தண்ணி மீன், ஆஸ்கார் அமேசான் பக்கத்து மீன், அதுக்கு 24ல இருந்து 28 டிகிரி சூடு வேணும், ஒரே தண்ணியில ரெண்டும் நல்லா இருக்காது. அதோட வாய்க்குள்ள போற சைஸ்ல எது இருந்தாலும் ஆஸ்காருக்கு அது சாப்பாடுதான், அதுலயும் கோல்ட்ஃபிஷ்ஷையே தின்னு வளந்தா வைட்டமின் பி1 குறைஞ்சு போகும். சின்ன டேங்க் கிளீனரும் ஆபத்து, முழுங்கப் பாத்தா அதோட முள்ளு விரிஞ்சு தொண்டையில சிக்கிக்கும்.

உண்மையச் சொன்னா உங்க டேங்க் ஏற்கனவே ஃபுல். 255 லீட்டர் வரும், ஆஸ்கார் ஒவ்வொண்ணும் ஒரு அடி வரைக்கும் வளரும், ஒண்ணரை அடி அகலத்துல அது திரும்புறதே சிரமம். ஆறடி டேங்க்குக்கு மாறினா பாக்கலாம், நல்லா வளந்த சில்வர் டாலர் மீன் அஞ்சாறு, இல்லாட்டி ஒரு செவரம் மீன் விடலாம். ஃப்ளவர்ஹார்ன் மீன் மட்டும் வேணாம், அடிச்சே கொன்னுரும்.

தேயிலை வேர் பாக்க அழகுதான், ஆனா தோட்டத்துல மருந்து அடிச்ச செடியா இருந்தா தொடவே வேணாம். மருந்து படாததுன்னு நிச்சயமா தெரிஞ்சா மட்டும் நல்லா காயவிட்டு, பட்டைய உரிச்சு, அவிச்சு, வாரக்கணக்கா ஊறப்போட்டு வைங்க, தண்ணி தேத்தண்ணி கலருக்கு வரும், அதுல பயமில்ல. கூர் முனை இருந்தா வெட்டிருங்க, ஆஸ்கார் வெருண்டு ஓடி மோதினா கண்ணே போயிரும். கல்லு வைக்கிறதா இருந்தா ஆத்துல உருண்ட கல்லா எடுத்து மணலுக்கு மேல வைக்காம கண்ணாடித் தரையிலயே உக்கார வச்சிட்டு அப்புறமா மணல் போடுங்க, ஏன்னா இந்த மீன் தோண்டும், கல்லு சரிஞ்சா கண்ணாடி உடையும். வினாகிரி ஊத்திப் பாத்து நுரைச்சா அந்தக் கல்லு வேணாம். செடி நட்டா புடுங்கி எறிஞ்சிரும், அனுபியாஸ்ங்கிற தண்ணிச்செடிய மரத்துண்டுல கட்டி வச்சா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

நீங்க கேக்காத ஒண்ணு ஹீட்டர். நம்ம மலைநாட்டு ராக்குளிருக்கு 300 வாட்ல ரெண்டு போடுங்க, ஒண்ணு பழுதானாலும் மத்தது காப்பாத்தும், ஹீட்டருக்கு மேல கவர் கட்டாயம் போடுங்க, ஆஸ்கார் வாலால அடிச்சே உடைச்சிரும். டேங்க்குக்கு மூடியும் வேணும், சூடும் நிக்கும், மீனும் வெளிய பாயாது.