டையை நிறுத்துங்கள், ப்ளீச்சுக்குப் போய் உட்காராதீர்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. பல வருடமாகத் தலைக்குக் கறுப்பு டை அடிக்கிறேன். கடைசி இரண்டு முறையும் மறுநாளே கண் இமை வீங்கி, காதுக்குப் பின்னால் அரிப்பு எடுத்தது. இனி நரையோடு இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தோள் வரை முடி. மேலே வெள்ளை, கீழே கறுப்பு என்று இரண்டு நிறமாகத் தெரிவதுதான் கூச்சமாக இருக்கிறது. ப்ளீச் செய்து ஒரே நாளில் முழுத் தலையையும் வெள்ளியாக்கித் தருகிறோம் என்கிறார்கள் பார்லரில். செய்துகொள்ளலாமா? வளர்ந்த நரையும் மஞ்சளாகத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில்: வேண்டாம். நரையோடு இருப்பது நல்ல முடிவு. அந்த ஒரே நாள் வேலைதான் உங்களுக்கு ஆகாது.

முதலில் வீக்கத்தைப் பார்ப்போம். டை பட்டது தலையில், வீங்கியது இமையில் என்பதால் பலர் இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. தலைத்தோல் தடிப்பானது, இமைத்தோல் மிக மெல்லியது. அதனால் டை ஒவ்வாமை பெரும்பாலும் இமை, காது, கழுத்துப் பக்கம்தான் முதலில் தெரியும். வழக்கமான குற்றவாளி, பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாராஃபினைலீன்டயமின் என்ற டை ரசாயனம். ஒருமுறை உடம்புக்கு இது ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு எப்போதுமே ஒவ்வாது. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். 'விசேஷத்துக்கு ஒரே ஒரு தடவை' என்ற பேச்சே வேண்டாம். எப்போதாவது டை பட்டு முகம் முழுக்க வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

இனி உங்களிடம் 'அம்மோனியா இல்லாதது' என்று ஒன்றை நீட்டுவார்கள். அம்மோனியா கொடுப்பது நெடியும் எரிச்சலும். உங்களுக்கு வந்ததைப் போன்ற ஒவ்வாமைக்குக் காரணம் பிபிடி, அது அந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கலாம். 'மூலிகை', 'கறுப்பு மருதாணி' எல்லாம் இதே கதைதான். மருதாணி இலை தனியாகக் கொடுக்கும் நிறம் செம்மஞ்சள். அவுரி சேர்த்தால் கருக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆக்கும் பொடியைச் சந்தேகப்படுங்கள். 'அம்மோனியா இல்லை' என்பதை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பிபிடி பெயர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் இருக்கிறது. 48 மணி நேரம் முன்னால் தோலில் தடவிச் சோதிக்கும்படி சொல்லும் வரி உள்ளே மடித்த தாளில் கிடக்கிறது. இதையெல்லாம் இப்படியே விட்டுவைத்திருக்கும் விதிகளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, ப்ளீச்சுக்கு வருவோம். வருடக்கணக்காகப் படிந்த கறுப்பு டை ஒரே அமர்வில் வெள்ளையாகாது, முதலில் ஆரஞ்சாகும். மேலும் மேலும் ப்ளீச் ஏற்றினால் முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கலைப் பார்லரில் சொல்ல மாட்டார்கள். ப்ளீச் முடிந்ததும் வெள்ளி நிறம் வரவைக்க 'டோனர்' போடுவார்கள். பல டோனர்கள் டை குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பிபிடியோ அதன் நெருங்கிய உறவோ அதில் இருக்கக்கூடும். எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறீர்களோ, பணம் கொடுத்து அதையே மறுபடி தலையில் வைத்துக்கொள்வீர்கள்.

ஒவ்வாமையே இல்லாதவர்கள் ப்ளீச் செய்ய நினைத்தாலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கலப்பு மருதாணிப் பொடியோ, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கவைக்கும் திரவமோ எப்போதாவது பூசியிருந்தால், அதிலுள்ள உலோக உப்பு முடியிலேயே தங்கிவிடும். ப்ளீச்சிலுள்ள பெராக்சைடு அதன்மேல் பட்டால் சூடேறி முடி கொத்தாக ஒடியலாம். அலசினால் போகாது. கடைசியாகப் பூசியது எப்போது என்பதும் பொருட்டல்ல, அந்த முடி தலையில் இருக்கும்வரை உப்பும் இருக்கும். வெட்டியெடுத்த சில இழைகளில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறினாலோ நுரைத்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்று சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கவைக்கும் அந்தத் திரவங்களில் ஈய அசிடேட் என்ற உலோக உப்பைச் சேர்ப்பதற்கான அனுமதியை ரத்து செய்வதாக அமெரிக்காவில் அறிவித்ததே 2018-ல்தான். அது நடைமுறைக்கு வர 2022 ஆகிவிட்டது. ஈயம் நஞ்சு என்று தெரிந்தும் இவ்வளவு தாமதம்!

அப்படியானால் இரண்டு நிறத்துக்கு என்ன வழி? கத்தரிக்கோல்தான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். தோள் நீளம் முழுக்க வெள்ளையாக இரண்டரை, மூன்று வருடம் ஆகலாம். தாடை வரை வெட்டிக்கொண்டால் அதில் பாதி. குட்டையாக வெட்டத் துணிந்தால் சில மாதங்களில் கறுப்பே இருக்காது. துணிச்சல் இல்லையென்றால் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வாருங்கள். நேர்வகிட்டை விட்டுக் கோணல்மாணலாக வகிடு எடுத்தால் கோடு அவ்வளவாகக் கண்ணில் படாது.

மஞ்சளுக்குக் காரணம், வெள்ளை முடியில் நிறமி இல்லாததால் எது படிந்தாலும் வெளியே தெரிவது. வெயில், புகை, தண்ணீரிலுள்ள இரும்பும் செம்பும், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாமே காரணமாகலாம். ஊதா ஷாம்பூ மஞ்சளை மறைக்கும், நீக்காது. வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று நிமிடம் போதும். தினமும் போட்டால் தலை ஊதாவாகத் தெரியும். உப்புத்தண்ணீர் என்றால், படிந்த உலோகத்தைப் பிடித்து நீக்கும் இடிடிஏ என்ற பொருள் கலந்த ஷாம்பூவை மாதம் ஒருமுறை போடுங்கள். முடியை நேராக்கும் சூடான இஸ்திரிக் கருவியால் வந்த மஞ்சள் கருகல் மாதிரி, அதை வெட்டத்தான் வேண்டும். வயதோடு தலையில் எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் முடி வறளும். ஒவ்வொரு முறை அலசிய பிறகும் கண்டிஷனர் தடவுங்கள். வெயிலில் போகும்போது தலையை மூடிக்கொள்ளுங்கள்.

நரையைத் திருப்பிக் கறுப்பாக்கும் எண்ணெய் என்று விற்பவர்களிடம் நின்று பேசவே வேண்டாம். 52 வயதில் வரும் நரைக்கு ரத்தப் பரிசோதனைப் பட்டியலும் தேவையில்லை. முடிக்கு நல்லது என்று யாராவது பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை உங்களிடம் விற்றிருந்தால், தைராய்டு பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் முடிவு தப்பாக வரக்கூடும்.

அப்புறம், ஒரு தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே வீங்கியிருப்பதால், வீட்டில் டையைத் தடவிச் சோதிக்காதீர்கள். முதுகில் ஒட்டும் பட்டைகளை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அதன் பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். எது ஒவ்வாது என்பதை எழுதி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிபிடி என்று உறுதியானால் கறுப்புத் தற்காலிக டாட்டூ கூடாது. பல் மருத்துவரிடம் போனால் அந்தத் தாளைக் காட்டுங்கள். பென்சோகெயின் என்ற மரப்பு மருந்தும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.