வீட்டில் விழுந்ததாகச் சொல்லாதீர்கள்

சகோதரி, பனியன் கம்பெனி மாடிப்படியில் பீஸ் கட்டோடு இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது. "சேர்ந்து ஒரு மாசம்தான், இஎஸ்ஐ கிடைக்காது, வீட்ல விழுந்ததா சொல்லிடுங்க" என்கிறார் சூப்பர்வைசர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில், சாதாரண நோய் விடுப்புக்குத்தான் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு. வேலையில் பட்ட காயத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு. நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். வேலைக் காயத்துக்கு 90 சதவீதம், டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும்வரை. வீட்டில் விழுந்ததாகச் சொன்னால் இந்த உரிமையை இழப்பீர்கள்.

இஎஸ்ஐ டிஸ்பென்சரி சீட்டில் "வேலை நேரத்தில் கம்பெனிப் படியில் விழுந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏற்றி, இஎஸ்ஐ அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. மறுத்தால் கிளை அலுவலகத்தில் நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

கவனக்குறைவு என்று பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள், யார் தப்பு என்று இஎஸ்ஐ பார்ப்பதில்லை. இருந்தாலும் கூட வேலை செய்பவர் யாரிடமாவது அந்தப் படியைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்: தேய்ந்த விளிம்பு, சிதறிக்கிடக்கும் வெட்டுத்துணி, எரியாத டியூப்லைட். நாளைக்கே கழுவித் துடைத்துவிடுவார்கள்.

கட்டுப் பிரித்தபின் விரல் மடங்கவில்லை என்றால் மெடிக்கல் போர்டுக்கு (குறைபாட்டை அளவிடும் டாக்டர் குழு) அனுப்பக் கேளுங்கள், நிரந்தரக் குறைபாட்டுக்குத் தனிப் பணம் உண்டு.