வெள்ளி ஏன் மீகடத்தி ஆகவில்லை?

அன்புள்ள ஐயா,

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். இனி எல்லாமே குவாண்டம் பொருட்கள்தான், மின்சாரம் கொஞ்சம்கூட வீணாகாமல் ஓடும் என்கிறாள். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிதானே முதல்? அப்படியானால் அதுவும் குவாண்டம் பொருள்தானே என்று கேட்டால் சிரிக்கிறாள்.

வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. அணு, எலெக்ட்ரான் அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் விதிக்குக் கட்டுப்படாத பொருளே கிடையாது. உங்கள் கொலுசும் கட்டுப்பட்டதுதான். எலெக்ட்ரான்கள் கூட்டுச் சேர்ந்து ஏதாவது விசித்திரம் செய்தால்தான் பெரும்பாலும் 'குவாண்டம் பொருள்' என்ற பெயரைக் கொடுக்கிறார்கள். அவற்றில் மூத்தது மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். 1911இல் டச்சு இயற்பியலாளர் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது மின்தடை சட்டென்று காணாமல் போனது.

பாதரசம், ஈயம், வெள்ளீயம் எல்லாம் சாதாரண நாளில் சுமாராகக் கடத்துபவை. அவை மீகடத்தி ஆகின்றன. வெள்ளியும் செம்பும் தங்கமும் எவ்வளவு குளிர்வித்தும் ஆகவில்லை. உலோகத்துக்குள் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளியில் ஓடும் எலெக்ட்ரான் அந்த அதிர்வை அதிகம் சட்டை செய்வதில்லை, அதனால்தான் அத்தனை லகுவாக ஓடுகிறது. ஈயத்தில் முட்டி மோதித்தான் போக வேண்டும். ஆனால் கடுங்குளிரில் எலெக்ட்ரான்களை ஜோடி சேர்த்து வைப்பதும் அதே அதிர்வுதான்; ஜோடி சேர்ந்தால்தான் அவை தடையே இல்லாமல் ஓடும். பட்டும் படாமலும் போகிற வெள்ளிக்கு ஜோடி அமைவதில்லை.

அதற்காக வெள்ளிக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1988இல் ஜப்பானில் கண்டுபிடித்த ஒரு பிஸ்மத் சேர்மம் மைனஸ் 163 டிகிரியிலேயே மீகடத்தி ஆகிவிடும். அந்தக் குளிருக்குத் திரவ நைட்ரஜன் போதும். ஆனால் பீங்கான் மாதிரி, வளைத்தால் உடையும். ஆகவே பொடியாக்கி வெள்ளிக் குழாயில் அடைக்கிறார்கள். துளைத் தகட்டில் விட்டு இழுத்துக் கம்பியாக்கி, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, ஆக்சிஜன் கலந்த காற்றில் சுடுகிறார்கள். முக்கால்வாசி உங்கள் பட்டறை வேலைதான்! இப்படிச் செய்த பட்டைகளைக் கொண்டுதான் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014இல் ஒரு கிலோமீட்டர் மின்கேபிள் போட்டார்கள்.

சரி, விலை கூடிய வெள்ளி எதற்கு? பொடியோடு சேர்ந்து அதைக் கெடுக்காது. சூட்டில் ஆக்சிஜனையும் உள்ளே விடும். செம்பு என்றால் பொடியே பாழ். உங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) உருக்கிய வெள்ளி ஆறும்போது, மேலே ஏடு கட்டிய பிறகு, படபடவென்று துளித்துளியாகத் துப்பியதைப் பார்த்திருக்கிறேன். உருகியபோது குடித்த ஆக்சிஜனைத்தான் அப்படிக் கக்குகிறது.

அடுத்த விடுமுறையில் மகளை மூசைப் பக்கம் நிற்க வையுங்கள், கொஞ்சம் தள்ளியே. வெள்ளி துப்பும்போது ஏன் என்று நீங்கள் கேளுங்கள்.